சேகோ ஆலை இயந்திரங்களை எத்தனை வருடத்தில் மாற்ற வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஆத்தூர் பக்கம் அப்பா 1998-ல் தொடங்கிய சேகோ ஆலை, அதாவது குச்சிக்கிழங்கிலிருந்து (மரவள்ளி) ஜவ்வரிசி செய்யும் ஆலை, இப்போது உங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது. கிழங்கு அரைக்கும் மிஷினின் 20 எச்.பி. (குதிரைத்திறன்) மோட்டார் போன சீசனில் மட்டும் இரண்டு முறை காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், எரிந்துபோனது. மிஷின் விற்க வந்தவர், பத்து வருடத்துக்கு மேல் எதையும் வைத்திருக்கக் கூடாது, லைன் முழுவதையும் மாற்றுங்கள் என்கிறார். உங்கள் ஃபிட்டரோ ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்கிறார். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எத்தனை வருட ஆயுள் என்று ஒரு பட்டியல் கேட்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை உங்கள் கவலை வேறு. கையில் இருக்கும் பணத்தை எந்த மிஷினில், எந்த மாதத்தில் போட்டால் சீசன் நடுவில் ஆலை நிற்காமல் இருக்கும் என்பதுதான் அது. அதற்கே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் சேலத்தில் டிப்ளமோ படித்து, ஒரு பெரிய ஆலையின் பராமரிப்புப் பிரிவில் 26 வருடம் இருந்தவன். அதற்குப் பிறகு ஆத்தூர், ராசிபுரம், ஓமலூர் பக்கம் சேகோ ஆலைகளுக்கும் ஏற்காட்டில் சில காபி எஸ்டேட்டுகளுக்கும் மிஷின் பார்த்துக் கொடுக்கிறேன். மோட்டார், பேரிங், பம்பு, பாய்லர் இவற்றைப் பற்றிக் கீழே சொல்வது கையால் தொட்டுப் பார்த்தது. உங்கள் ஆலையை நான் பார்த்ததில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. இயந்திரத்துக்கு ஒரே வயது கிடையாது. உங்கள் அரைவை மிஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்மில் இருக்கும் பிளேடு அரைத்த டன் கணக்கில் தேய்கிறது. கிழங்கோடு மண்ணும் கல்லும் வந்தால் இன்னும் வேகமாகத் தேயும். அதனால் பிளேடின் ஆயுளைத் தீர்மானிப்பது பாதிக்கு மேல் கழுவும் தொட்டிதான். பெல்ட்டும் ரப்பர் சீலும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலத்தோடு வெடித்துப்போகும். இரும்பு ஃபிரேம் மாவுத் தண்ணீர் புளித்துப் புளித்து அரித்துப்போகும். மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்டர், கரண்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே போன்ற மின்சாமான்களோ முன்னறிவிப்பே இல்லாமல் ஒருநாள் போகும். நான்கும் ஒரே மிஷினில் இருக்கின்றன. "இந்த மிஷினுக்குப் பத்து வருடம்" என்று ஒருவர் சொன்னால், இந்த நான்கில் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

விமானத் துறையில் இதை முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்ற இருவர் 1978-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். விமானப் பாகங்களில் சுமார் 11 சதவீதம் மட்டுமே வயதாக வயதாகப் பழுதாகும் குணம் உள்ளவை என்று அவர்கள் கணக்கில் வந்தது. மீதி 89 சதவீதத்துக்கு, இத்தனை மணி நேரம் ஓடியபின் மாற்று என்று சொல்ல ஓர் எல்லையே தெரியவில்லை. அதைவிட முக்கியமானது, 68 சதவீதம் புதிதாகப் பொருத்திய தொடக்கத்தில்தான் அதிகம் பழுதானது. இந்த எண்களை அப்படியே சேகோ ஆலைக்குக் கொண்டுவர முடியாது. நம்மிடம் மண்ணும் புளித்த தண்ணீரும் உண்டு, தேய்மானம் விமானத்தைவிட நிச்சயம் அதிகம். ஆனால் புதிது என்றால் நம்பகமானது என்ற நினைப்பு தவறு என்பது நம் ஆலைகளுக்கும் பொருந்தும். பேரிங் மாற்றியபின், காயில் கட்டியபின், புது மிஷின் இறக்கியபின் வரும் முதல் சில வாரங்களில் வந்த பழுதுகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் எதை மாற்றினாலும் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் மாற்றுங்கள். சீசன் தொடங்குவதற்கு முன் சில நாள் வெறும் தண்ணீரிலும் கொஞ்சம் கிழங்கிலும் ஓட்டிப் பாருங்கள். புரட்டாசியில் மிஷின் இறக்கி ஐப்பசியில் முழு லோடு கொடுப்பவர்கள் அந்தத் தொடக்கக் கோளாறுகள் எல்லாவற்றையும் சீசனுக்குள் இழுத்துவந்து விடுகிறார்கள்.

சரி, உங்கள் மோட்டாருக்கு வருகிறேன். ஒரே சீசனில் இரண்டு முறை எரிந்தால் மோட்டாருக்கு வயதாகிவிட்டது என்று பொதுவாக எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது அநேகமாக மோட்டாரின் குற்றமாக இருப்பதில்லை. சில வருடங்களுக்கு முன் ஓர் ஆலையில் இதே மாதிரி 20 எச்.பி. மோட்டார் மூன்று முறை காயில் போயிருந்தது. நான் போனபோது நான்காவது காயில் கட்டி வந்து பொருத்தி, ஓடிக்கொண்டிருந்தது. புது வார்னிஷ் வாசனைகூடப் போகவில்லை. ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரை ஒவ்வொரு ஒயரிலும் மாட்டிப் பார்த்தேன். ஒரு ஃபேஸில் 19 ஆம்பியர், மற்ற இரண்டில் 29, 30. அந்த மோட்டாருக்கு முழு லோடிலேயே 28 ஆம்பியர்தான். ஸ்டார்ட்டரைத் திறந்தால் கான்டாக்டரின் மூன்று ஜோடி முனைகளில் ஒரு ஜோடி கருகி, குழி விழுந்து, பாதி தொட்டும் தொடாமலும் இருந்தது. ஓவர்லோடு ரிலேயை யாரோ 40 ஆம்பியருக்குத் திருப்பி வைத்திருந்தார்கள், அடிக்கடி டிரிப் ஆகிறது என்பதற்காக. மூன்று காயில் கட்டிய கூலியும் நின்றுபோன நாட்களும் போக, கடைசியில் மாற்ற வேண்டியிருந்தது சில நூறு ரூபாய்க்கு வரும் ஒரு கான்டாக்ட் செட்.

மூன்று ஃபேஸின் வோல்டேஜ் சமமாக இல்லாதபோது மோட்டார் எவ்வளவு சூடாகும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. வித்தியாசம் எத்தனை சதவீதமோ அதை அதாலேயே பெருக்கி, மறுபடி இரண்டால் பெருக்குங்கள். 3.5 சதவீத வித்தியாசம் என்றால் சூடு ஏறுவது சுமார் 25 சதவீதம் கூடும். காயிலின் இன்சுலேஷனோ பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொது விதி. இது ஒரு தோராயம்தான், ஆனாலும் திட்டம் போட இது போதும். மோட்டாரின் மேல் இருக்கும் வரிவரியான தகடுகள் காற்றில் சூட்டை விடுவதற்காக இருப்பவை. நம் ஆலைகளில் அதன்மேல் ஈர மாவும் திப்பியும் (கிழங்குச் சக்கை) தெறித்து, காய்ந்து, அடை மாதிரி ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுப்பதற்குக் காசு செலவில்லை. மோட்டாரின் ஆயுளை நீட்டுவதில் இதைவிட மலிவான வேலை எனக்குத் தெரியாது.

இதெல்லாம் சரிபார்த்த பிறகும் மோட்டாரை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்ற கேள்வி நிற்கும். அதற்கு விலைப் பட்டியலைப் பார்க்காதீர்கள், கரண்ட் பில்லைப் பாருங்கள். 20 எச்.பி. என்பது ஏறக்குறைய 15 கிலோவாட். உங்கள் மோட்டார் 12 கிலோவாட் வேலை கொடுக்கிறது, நாளைக்கு 20 மணி நேரம், வருடத்துக்கு 180 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,600 மணி நேரம். பழைய மோட்டாரை ஐ.இ.1 தரம் (மோட்டாரின் மின்சிக்கனத்தைச் சொல்லும் சர்வதேசத் தரவரிசையில் கீழ்ப்படி) என்று எடுத்தால், அதன் திறன் 88.7 சதவீதம். அது இழுக்கும் மின்சாரம் வருடத்துக்குச் சுமார் 48,700 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் 3.9 லட்சம். ஒரே வருடத்தில் மோட்டாரின் விலையைப் போல் பல மடங்கு மின்சாரமாகப் போகிறது. வாங்கும் விலை என்பது அந்த மோட்டாருக்காக நீங்கள் வாழ்நாள் முழுக்கச் செலவு செய்யப்போவதில் ஒரு சின்னத் துண்டு. இயந்திரத்தை அதன் முழு ஆயுளுக்கும் சேர்த்துத் திட்டமிடுவது என்று பெரிய ஆலைகளில் சொல்வது இதைத்தான். இதற்கென்றே 2014-ல் ஐ.எஸ்.ஓ. 55000 என்று ஒரு சர்வதேசத் தரமே வந்தது. உங்கள் அளவு ஆலைக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. அதன் உள்ளே இருக்கும் கணக்கு மட்டும் தேவை.

இதே வேலைக்கு இரண்டு படி மேலான ஐ.இ.3 மோட்டார் போட்டால் திறன் 92.1 சதவீதம். மிச்சம் வருடத்துக்குச் சுமார் 1,800 யூனிட், 14,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். சரியில்லாமல் காயில் கட்டிய மோட்டார் திறனில் ஒன்றிரண்டு சதவீதம் இழந்திருக்கும். இரண்டு சதவீதம் போயிருந்தால் வித்தியாசம் வருடத்துக்குச் சுமார் 2,900 யூனிட், 23,000 ரூபாய். உள்ளூர் விலையை விசாரித்து, இந்த மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள். எத்தனை சீசனில் போட்ட பணம் திரும்பும் என்பது வந்துவிடும். இதில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். காயில் கட்டினாலே திறன் போய்விடும் என்பது உண்மையில்லை. பழைய காயிலை எப்படி எடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடுப்பில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தி எடுத்தால் நல்லது. கேஸ் விளக்கைப் பிடித்து எரித்து எடுத்தால் உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய பூச்சு கருகிவிடும். அதற்குப் பிறகு அந்த மோட்டார் சும்மா ஓடும்போதே அதிக கரண்ட் இழுக்கும். அதனால் காயில் கட்டக் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் லோடு இல்லாமல் ஓடவிட்டு ஆம்பியரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணும் நெருங்கியிருந்தால் கட்டியவர் நல்ல வேலைக்காரர், அவரை விட்டுவிடாதீர்கள். என் தீர்ப்பைக் கேட்டால், நாளெல்லாம் ஓடும் அரைவை மோட்டார் இனி ஒருமுறை எரிந்தால் புதிது வாங்கிவிடுங்கள். எப்போதாவது ஓடும் களத்துத் தண்ணீர் பம்புக்குக் காயில் கட்டுவதே போதும்.

அப்புறம் பேரிங். பந்து பேரிங்கின் ஆயுள் அதன்மேல் விழும் பாரத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு எதிராகக் குறையும். கேட்க ஏதோ பாடப்புத்தகம் மாதிரி இருக்கும், ஆனால் விளைவு பெரிது. பாரம் கால்பங்கு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். பெல்ட் வழுக்குகிறது என்று கடப்பாரை போட்டு நெம்பி இழுத்துக் கட்டுகிறார்களே, அந்தப் பாரம் முழுவதும் பேரிங்மேல்தான் விழுகிறது. பெல்ட் வழுக்கினால் புல்லியின் பள்ளம் தேய்ந்திருக்கிறதா, இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கிரீஸையும் அளவாகப் போடச் சொல்லுங்கள். நிறையப் போட்டால் நல்லது என்று திணித்து, உள்ளே கடைந்து கடைந்து சூடாகி, அதிலேயே போன பேரிங்குகள் பல. எத்தனை நாளுக்கு ஒருமுறை போடுவது என்பதை மட்டும் என்னால் ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. வேகம், சூடு, தண்ணீர் தெறிப்பது எல்லாம் சேர்ந்தது அது. பேரிங் கம்பெனியின் அட்டவணையில் தொடங்கி, உங்கள் இடத்தில் தண்ணீர் அதிகம் என்றால் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

இப்போது எந்த மிஷினுக்கு முதலில் பணம் என்பது. இதற்கு விலையை அளவாக வைக்காதீர்கள். அது நின்றால் என்ன நிற்கும் என்பதை வைத்துப் பாருங்கள். குச்சிக்கிழங்கு பிடுங்கிய ஓரிரு நாளிலேயே உள்ளே கறுக்க ஆரம்பிக்கும், மாவு குறையும். வாசலில் நான்கு லோடு நிற்கும்போது அரைவை நின்றால், கிழங்கும் போகிறது, விவசாயியின் நம்பிக்கையும் போகிறது. உங்கள் ஆலையில் ஒன்று மட்டும் இருந்து, அது நின்றால் எல்லாம் நிற்கும் என்ற மிஷின்கள் நான்கைந்துதான் இருக்கும். பெரும்பாலும் அரைவை, மாவுப்பால் பம்பு, சல்லடை, மெயின் பேனல், ஆவியில் வேகவைக்கும் நைலான் ஜவ்வரிசி போடுபவர் என்றால் பாய்லர். பணமும் கவனமும் முதலில் அவற்றுக்கு. அவற்றின் பேரிங், பெல்ட், கான்டாக்டர் இரண்டு செட் அலமாரியில் இருக்க வேண்டும். பம்புக்கு ஒரு மாற்று பம்பு பொருத்தியே இருந்தால், வாரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஓடாமலே வைத்த மாற்று பம்பு வேண்டும்போது ஓடியதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். மற்ற மிஷின்களுக்கு உங்கள் ஃபிட்டர் சொல்வதே சரி. நின்றால் ஒரு மணி நேரத்தில் சரிசெய்யலாம், வேலை கெடாது என்றால் ஓடுகிற வரைக்கும் ஓடட்டும். அவரை நீங்கள் முழுக்கத் தள்ளிவிட வேண்டியதில்லை.

சீசன் ஆலைகளில் யாரும் திட்டத்தில் சேர்க்காத ஒரு செலவு இருக்கிறது. அது மிஷின் சும்மா நிற்கும் மாதங்கள். இதை எனக்குப் புரியவைத்தது ஏற்காட்டில் ஒரு காபி பல்பர். கார்த்திகையிலிருந்து மாசி வரை பழம் உரிக்கும், பிறகு அடுத்த பழம் வரை அப்படியே நிற்கும். மழையும் மூடுபனியும் அந்த ஷெட்டுக்குள் வந்து போகும். ஒரு வருடம் சீசன் தொடங்கிய மூன்றாம் நாளே சத்தம் என்று கூப்பிட்டார்கள். பேரிங்கைக் கழற்றிக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். பந்து ஓடும் பாதையில் எட்டு இடத்தில், அளந்து வைத்தது போலச் சம இடைவெளியில், சின்னச் சின்னத் துருப் பொட்டு. அந்த பேரிங்கில் பந்தும் எட்டு. எட்டு மாதமும் பந்துகள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அடியில் இருந்த கிரீஸ் பிதுங்கிப் போய், ஈரம் இறங்கியிருக்கிறது. அந்த பேரிங் ஓடித் தேயவில்லை, நின்றே செத்துப்போனது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாராவது புல்லியைக் கையால் நாலு சுற்றுச் சுற்றி, வேறு நிலையில் நிறுத்தியிருந்தால் அது தப்பியிருக்கும்.

உங்கள் ஆலையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் மாவு புளிக்கும். சீசன் முடிந்த அன்றே பைப், பம்பு, தொட்டி எல்லாவற்றையும் நல்ல தண்ணீர் விட்டு அலசி, வால்வைத் திறந்து வடியவிட வேண்டும். மூலையில் ஒரு விரல் அளவு மாவு நின்றாலும் அது அமிலமாகி இரும்பைத் தின்னும். பெல்ட்டைத் தளர்த்தி வையுங்கள். சீசனுக்கு முன் எல்லா மோட்டாரையும், காயிலின் இன்சுலேஷனை அளக்கும் மெகர் வைத்துப் பாருங்கள். 415 வோல்ட் மோட்டாருக்கு 5 மெகோமுக்கு மேல் இருந்தால் நல்லது. ஒன்றுக்கும் கீழே என்றால் கரண்ட் கொடுக்கவே கூடாது, காயவைத்து மறுபடி பார்க்க வேண்டும். சின்ன மோட்டாரைத் திறந்து உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டு இரண்டு நாள் வைத்தாலே பல நேரம் ஏறிவிடும். ஆயுத பூஜைக்கு எப்படியும் எல்லா மிஷினையும் துடைத்துக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். வருடத்தில் ஒவ்வொரு மிஷினையும் ஒரு மனிதக் கை முழுதாகத் தொடுவது அன்றுதான். ஆனால் அது சீசனின் வாசலில் வருகிறது. அன்று வெடிப்பு கண்ணில் பட்டால் சரிசெய்ய நாள் இருக்காது. அதே மாதிரித் துடைப்பு ஒன்றைச் சீசன் முடிந்த வாரத்திலும் வையுங்கள், கையில் ஒரு நோட்டோடு. கண்ட வெடிப்பு, ஆட்டம், கசிவு எல்லாவற்றையும் அன்றே எழுதினால் கோடை முழுவதும் உங்கள் கையில் இருக்கும்.

பாய்லர் மட்டும் தனிக்கதை. அதை நிறுத்தலாமா வேண்டாமா என்று நாம் முடிவு செய்ய முடியாது. 1923-ன் பாய்லர் சட்டத்தின் இடத்தில் 2025-ல் புதிய சட்டம் வந்திருக்கிறது. ஆய்வும் சான்றிதழும் பழையபடியே கட்டாயம். ஆய்வுக்குக் கொடுக்கும் நாட்களையும் செலவையும் முன்கூட்டியே திட்டத்தில் எழுதிவிடுங்கள். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர். வெள்ளைக்கல் பாறை இருக்கும் பகுதிகளில் மக்னீசியமும் கூட. மென்மையாக்காமல் ஊற்றினால் குழாயில் உப்புப் படிந்து, விறகு அதிகம் தின்று, கடைசியில் குழாய் உப்பி வெடிக்கும். பாய்லரில் மிச்சம் பிடிக்கும் யோசனை எதையும் நான் யாருக்கும் சொல்வதில்லை, பக்கத்தில் ஆள் நிற்கிறார்.

விற்பனையாளர் சொல்லும் புது லைனைப் பற்றி. வாங்குவதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு மிஷினின் ஆயுளில் பெரும்பகுதி வாங்கும் அன்றே முடிவாகிவிடுகிறது. பேரிங்கும் பெல்ட்டும் சேலத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும் நம்பரா, இல்லை அவரிடம் மட்டுமே கிடைப்பதா? மாவுப்பால் படும் இடமெல்லாம் என்ன தகடு? நம் ஊரிலேயே சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்திலிருந்து ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டுகிறது, ஆனாலும் எஸ்.எஸ். என்ற இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொண்டு ஏமாறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 304 தரம் என்றால் குரோமியம் சுமார் 18, நிக்கல் 8 சதவீதம். 202 போன்ற மலிவுத் தரங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். புதிதில் இரண்டும் ஒரே பளபளப்பு. காந்தம் இரண்டிலும் ஒட்டாது, அதனால் காந்தச் சோதனையை நம்பாதீர்கள். புளித்த மாவுத் தண்ணீரில் மலிவுத் தகடு சீக்கிரமே வெல்டிங் ஓரங்களில் பழுப்பு விடும். பில்லில் தரத்தை எழுதி வாங்குங்கள், தகட்டின்மேல் ஒரு சொட்டு ரசாயனம் விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி கடையில் கிடைக்கிறது, ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

எப்போது மாற்றுவது என்பதற்கு நான் பயன்படுத்தும் கணக்கு இது. ஒரு மிஷின் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம், எண்கள் உதாரணத்துக்கு மட்டும். ரிப்பேரும் நின்ற நாட்களின் நட்டமும் சேர்த்து முதல் வருடம் 20,000, பிறகு 30,000, 45,000, 70,000, 1,10,000, 1,70,000 என்று ஏறுகிறது. ஒவ்வொரு வருட முடிவிலும் அதுவரை ஆன மொத்தச் செலவை ஆன வருடங்களால் வகுங்கள். முதல் வருடம் 6.2 லட்சம், இரண்டில் 3.25, மூன்றில் 2.32, நான்கில் 1.91, ஐந்தில் 1.75, ஆறில் 1.74. ஏழாம் வருடம் 2.6 லட்சம் ஆகும் என்று தெரிந்தால், அது இதுவரையிலான சராசரியைவிட அதிகம். அங்கே மாற்ற வேண்டும். வரப்போகும் வருடத்தின் செலவு சராசரிக்குக் கீழே இருக்கும் வரை, மிஷினுக்கு இருபது வயதானாலும் வைத்துக்கொள்ளலாம். வட்டியையும் பழைய மிஷின் விற்கும் விலையையும் நான் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் வருடம் முன்னே பின்னே நகரும், வழி மாறாது. உங்கள் ஆடிட்டர் மிஷின்களுக்குப் பொதுவாகப் போடும் 15 சதவீதத் தேய்மானத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்தக் கணக்கில் பத்து வருடத்தில் புத்தக மதிப்பு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அது வரிக்கு, மிஷினுக்கு அது தெரியாது.

பணத்தை எங்கிருந்து எடுப்பது? ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் நடத்தும் ஜவ்வரிசி ஏலத்தில் விலை ஏறும் வருடம் எல்லோரும் மிஷின் வாங்குகிறார்கள், இறங்கும் வருடம் கிரீஸுக்குக்கூடக் கை நீளாது. மேலே சொன்ன 6 லட்ச மிஷின் ஆறு வருடம் என்றால் வருடத்துக்கு ஒரு லட்சம். வருடம் 20,000 மூட்டை போடும் ஆலைக்கு அது மூட்டைக்கு 5 ரூபாய். ஏலப் பணம் வரும்போதே அதைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

எனக்கே இன்னும் தெளியாத இடங்களும் உண்டு. பேரிங்கில் ஒட்டி அதிர்வைப் போனுக்கு அனுப்பும் சென்சார்கள் இப்போது விற்கின்றன. பெரிய ஆலையில் அதிர்வு அளவு பார்த்து முன்கூட்டியே பேரிங் மாற்றி நான் பலன் கண்டிருக்கிறேன். உங்கள் அளவு ஆலையில் அது போட்ட பணத்தை எடுக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். நாலைந்து முக்கிய மிஷின்களுக்கு, ஒரே ஆள் தினமும் ஒரே நேரத்தில் கைவைத்துச் சூடு பார்த்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துச் சத்தம் கேட்டு எழுதினால் பெரும்பாலானதைப் பிடித்துவிடலாம் என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள். மேலே போட்ட ரிப்பேர்ச் செலவு எண்களும் உங்களிடம் இப்போது இருக்காது. அதற்கு ஒரு வழிதான், மிஷினுக்கு ஒரு பக்கம் என்று இன்றே ஒரு நோட்டுத் தொடங்குவது. அதில் பெயர்ப்பலகையில் உள்ள விவரம், பேரிங் நம்பர், பெல்ட் நம்பர், என்று என்ன மாற்றியது, எவ்வளவு செலவு, எத்தனை மணி நேரம் நின்றது. பழைய மிஷின்களில் பெயர்ப்பலகைமேல் பெயின்ட் அடித்திருப்பார்கள், தின்னர் போட்டுத் துடைத்து எடுங்கள். அப்பா காலத்திலிருந்து இருக்கும் ஃபிட்டரை உட்காரவைத்து, அவர் ஞாபகத்தில் இருப்பதையெல்லாம் சொல்லச் சொல்லி முதலில் எழுதுங்கள். இருபத்தைந்து வருட வரலாறு இப்போதைக்கு அவர் தலையில் மட்டும்தான் இருக்கிறது.

அரைவை மோட்டாருக்கு, லோடில் ஓடும்போது மூன்று ஃபேஸின் ஆம்பியரும் வோல்டேஜும், ஓவர்லோடு ரிலே எத்தனையில் நிற்கிறது என்பதும் எழுதுங்கள். கான்டாக்டரைத் திறந்து முனைகளை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். மெயினை அணைத்து, லாக் போட்டுவிட்டுத் திறக்க வேண்டும், அதையும் உங்கள் எலெக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். அந்த எண்களைப் பார்த்தால் மோட்டார் வாங்க வேண்டுமா, ஸ்டார்ட்டரைப் பார்க்க வேண்டுமா என்று சொல்லிவிடுகிறேன்.